பொன்னுக்குப் பதில் இரும்பு

1935 டிசம்பர் 18 அன்று ரோம் நகரின் பெரிய தேசிய நினைவுச்சின்னத்தின் முன்னால் இத்தாலியப் பெண்கள் வரிசையில் நின்று தங்கள் கல்யாண மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். அரசி எலேனா முதலில் கொடுத்தார். முசோலினியின் மனைவி ராகேலேயும் கொடுத்தார். பதிலுக்கு ஒவ்வொருத்திக்கும் ஓர் இரும்பு மோதிரம் கிடைத்தது. ரோமில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் மோதிரங்கள் சேர்ந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆண்களும் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு வாங்கியிருந்த நாடகாசிரியர் பிராந்தெல்லோ தன் பதக்கத்தையே கொடுத்தார். ஆனாலும் அந்த நாளின் முகமாக நின்றவள் மோதிரம் கழற்றிய பெண்தான்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி எழுகிறது. தன்னை வீட்டுக்குள் தள்ளிப் பூட்டிய ஆட்சிக்கு ஒரு பெண் ஏன் தன் மோதிரத்தைக் கொடுத்தாள்?

பாசிச ஆட்சி அதற்குள் பெண்களுக்குச் செய்து முடித்திருந்ததைப் பாருங்கள். 1925இல் சில பிரிவுப் பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தல்களை ஒழித்துவிட்டு, மேலிருந்து அதிகாரிகளை நியமித்தது. கையில் வாக்கு இருந்தது, போடத்தான் தேர்தல் இல்லை. 1926இல் உயர்நிலைப் பள்ளிகளில் இலக்கியம், வரலாறு, தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர் பதவிகளிலிருந்து பெண்கள் விலக்கப்பட்டார்கள். 1927இல் மக்கள்தொகையைப் பெருக்கும் இயக்கம் தொடங்கியது, கல்யாணமாகாத ஆண்களுக்கு வரி வந்தது. 1930இன் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பை இனத்துக்கு எதிரான குற்றமாக வகைப்படுத்தியது. ஆணுக்குப் போர் எப்படியோ பெண்ணுக்குத் தாய்மை அப்படி என்று முசோலினி மேடையில் பேசினார். பின்னர் 1938இல் அலுவலக வேலைகளில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றே ஓர் ஆணை வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மோதிரம் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பயந்து கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். கணவன் அரசு வேலையில் இருக்கும்போது மனைவியின் விரலில் தங்கம் மின்னினால் அக்கம்பக்கம் கவனிக்காதா? கோயில் பாதிரியார்களும் இரும்பு மோதிரங்களை ஆசீர்வதித்தார்கள். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

அக்டோபர் 3 அன்று இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தது. நவம்பர் 18 முதல் சர்வதேச சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. உலகமே சேர்ந்து நம் கழுத்தை நெரிக்கிறது என்று அரசு சொன்னது. என்ன சமைப்பது, எதை மிச்சம் பிடிப்பது, எந்த நாட்டுப் பொருளை வாங்காமல் விடுவது என்பதெல்லாம் ஒரே இரவில் நாட்டுக் காரியமாகிவிட்டது. அதுவரை யாரும் மதிக்காத சமையலறைக்குப் போர்முனையின் கௌரவம் வந்தது. அரசாங்கம் தன்னிடம் வந்து “நீ வேண்டும்” என்று சொன்னதைப் பல பெண்கள் வாழ்வில் முதல்முறையாகக் கேட்டார்கள். உரிமை கேட்டால் கிடைக்காத மதிப்பு தியாகம் செய்தால் கிடைத்தது. தீவிர தேசியவாதம் பெண்களைப் பிடிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வெறுப்பைப் பேசிக்கொண்டு அது நம் வாசலுக்கு வருவதில்லை. தாயே, சகோதரி என்று அழைத்துக்கொண்டுதான் வருகிறது.

சரி, அந்தப் போர் என்ன செய்தது? எத்தியோப்பிய மக்கள்மீதும் படைகள்மீதும் விமானங்களிலிருந்து நச்சு வாயு பொழியப்பட்டது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர்மீது நடந்த கொலை முயற்சிக்குப் பழிவாங்க, அந்நகரில் மூன்று நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. ஆப்பிரிக்கக் குடியேற்றப் பகுதிப் பெண்ணோடு கணவன் மனைவியாக வாழும் இத்தாலியருக்கு ஐந்தாண்டு வரை சிறை. அவளுடைய உடலை மட்டும் பயன்படுத்திக்கொண்டு போகிறவனை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. ரோமில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ‘வீரத்தாய்’ பட்டத்துக்கும் அடிஸ் அபாபாவில் இன்னொரு பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கை அன்றைக்கே பார்த்த பெண் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற சில்வியா பாங்கர்ஸ்ட், எத்தியோப்பியாவின் பக்கம் நின்று 1936இல் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் அதை விடாமல் நடத்தினார். 1956இல் எத்தியோப்பியாவுக்கே குடிபோனார், 1960இல் அங்கேயே இறந்தார். தன் நாட்டுப் பெண்ணின் வாக்கும் இன்னொரு நாட்டுப் பெண்ணின் உயிரும் அவருக்கு வெவ்வேறு விஷயங்களாக இருக்கவில்லை.

இத்தாலியப் பெண்களும் அப்படியே இருந்துவிடவில்லை. 1943 மார்ச்சில் தூரினில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தங்களில் பெண் தொழிலாளர்களும் இறங்கினார்கள். 1944 செப்டம்பரில் பஸ்ஸானோ நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்டார்கள். மாணவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்து அதைப் பார்க்க வைத்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் 17 வயது தீனா அன்செல்மி. அவர் எதிர்ப்புப் படையில் சேர்ந்து செய்தி கொண்டுசெல்பவரானார். 1976இல் இத்தாலியின் முதல் பெண் அமைச்சரானவரும் அவர்தான். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வான 556 பேரில் பெண்கள் 21 பேர். சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் பிரிவில் ‘பால் வேறுபாடின்றி’ என்ற சொல்லைச் சேர்க்கப் போராடிய லீனா மெர்லின் அந்த 21 பேரில் ஒருவர்.

தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்யும் ஊரில் வளர்ந்த எனக்கு, மோதிரத்தைக் கழற்றும் கை எவ்வளவு கனத்திருக்கும் என்று தெரியும். 1962 போரின்போது நம் பெண்களும் பாதுகாப்பு நிதிக்கு நகை கொடுத்திருக்கிறார்கள். மண்மீது பற்று வைப்பதும் ஆபத்தில் கைகொடுப்பதும் பாசிசம் ஆகிவிடாது. ஆனால் நாட்டின் பெயரால் நம்மிடம் எதையாவது கேட்கும்போது நாம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. கொடுக்கச் சொல்கிறீர்களே, முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் இருக்கிறோமா? இது யார்மீது பாயப்போகிறது? வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அவளை என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஓர் ஆட்சியை எடைபோடலாம். 1935இல் இத்தாலியில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே வழியில்லை.