கடல்வழி வந்த கொள்கையும் சென்னைத் துறைமுகமும்

தமிழகத்தில் பொதுவுடைமை இயக்கம் வேரூன்றிய வரலாற்றை ஆராய்வோர் ஆலைகளையும், இருப்புப்பாதைப் பணிமனைகளையும், தஞ்சை வயல்களையுமே பெரிதும் நோக்குவர். கப்பலை நோக்குவோர் அரியர். அக்கொள்கையோ இந்நாட்டிற்குக் கடல்வழியாகவே வந்தது. நூலாகவும் இதழாகவும் வந்தது கப்பலில். ஆளாக வந்ததும் கப்பற் பணியாளர் ஒருவர் வடிவிலேயாம். இவ்வாறிருக்க, சென்னையிற் கப்பலோடிகளிடையே அது பெருஞ்செல்வாக்குப் பெறாது, கரையிலே உழைப்பாரிடையே நிலைகொண்டது ஏன் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா.

இதற்குச் சிலர் எளிய விடை ஒன்று கூறுவர். தமிழர் கடலோடும் மரபை இழந்துவிட்டனர். ஆதலின் கடலோடிகளின் சங்கமும் இங்குத் தோன்றவில்லை என்பது அவர் கருத்து. இக்கருத்து எமக்கு உடன்பாடன்று. தூத்துக்குடித் தோணிகளும், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்தம் வாணிகமும் அறிந்தார் அவ்வாறு கூறார். மரபு அழியவில்லை; நீராவிக் கப்பலுக்கு ஆள் எடுக்கும் வாயில் வேறிடத்தில் இருந்தது. இவ்வேறுபாட்டை மறந்தால் வரலாறு பழிச்சொல்லாக முடியும்.

சொற்களே முதற்சான்று. கப்பலின் பணிமுறையில் வழங்கும் பெயர்களை நோக்குக. ‘மாலுமி’ அரபுமொழியில் ஆசானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘சுக்கான்’ என்பதும் அரபே. ‘சேரங்கு’, ‘நாகுதா’ என்பன பாரசீகம். ‘லஸ்கர்’ என்பது படையைக் குறித்த பாரசீகச் சொல் ஐரோப்பியர் வாயிற் கப்பலாளைக் குறிப்பதாயிற்று. ‘கலாசி’ வடபுலத்து வழக்கு. இவற்றிடையே ‘தண்டல்’ ஒன்றே தென்னாட்டுக் கரைக்குரிய சொல்லாய் நின்று, தூத்துக்குடித் தோணியின் தலைவனை இன்றும் குறிக்கின்றது. பாய்மரத் தோணியில் தமிழ்ச்சொல் தலைமை ஏற்க, நீராவிக் கப்பலில் அயற்சொற்களே ஆட்சி செய்தன. ‘மீகாமன்’ என்னும் பழஞ்சொல் நூல்வழக்கில் ஒதுங்கிவிட்டது. சொல்லாராய்ச்சி தனித்து நின்று வரலாற்றை நிறுவாது என்பதை யாம் அறிவோம். எனினும் மற்றைச் சான்றுகள் காட்டும் திசையையே இதுவும் காட்டுகின்றது.

அம்மற்றைச் சான்றுகளாவன: பிரிட்டிஷ் கப்பற் குழுமங்கள் இந்தியப் பணியாளரைத் திரட்டிய பெருந்துறைகள் கல்கத்தாவும் பம்பாயும். சில்ஹெட், நவகாளி, சட்டக்கிராமம் ஆகிய பகுதியினர் கல்கத்தாவிலும், பஞ்சாபியரும் கொங்கணத்தாரும் கோவாவினரும் பம்பாயிலும் கப்பலேறினர். சேரங்கும் அவனுக்கு மேலிருந்த தரகரும் தம் ஊராரையும் உறவினரையுமே சேர்த்துக்கொண்டனர். முன்பணம் கொடுத்துக் கடனிற் பிணித்தனர். கப்பல் கிடைக்கும்வரை துறைமுக விடுதிகளில் வைத்துச் சோறிட்டு அதற்கும் கணக்கெழுதினர். காத்திருக்கும் மாந்தர் கூட்டம் இருந்த இடத்திலேதான் சங்கம் தோன்றும். கிதர்ப்பூரில் அக்கூட்டம் இருந்தது, சென்னையில் இல்லை. கல்கத்தாவிற் பொதுவுடைமை இயக்கத்தைத் தொடங்கிய முசாபர் அகமது, கப்பலோடிகள் பலரை ஈன்ற சந்துவீப்பு என்னும் தீவிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சென்னையின் நிலை முற்றிலும் வேறு. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நின்றன. ஆணியின்றிக் கயிற்றாற் பலகை தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் பண்டங்களையும் கரை சேர்த்தன. மீனவர் கட்டுமரங்கள் துணைநின்றன. 1861இற் கடற்பாலம் எழுந்தது. அதன்பின் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் 1881ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்து, மீண்டும் எடுக்கப்பட்டது. 1905இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. ஆகவே சென்னைக் கடற்கரை ஈன்ற தொழிலாளர் கப்பலில் நெடுந்தொலைவு செல்வோராயினாரல்லர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே உழல்வோராயினர். படகோட்டி சுமையாளாக மாறினான், மாலுமியாக மாறவில்லை.

இக்கரையில் மீனவர் குடியிற் பிறந்தவரே ம. சிங்காரவேலர் (1860–1946). அவர் 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நிகழ்வித்து, தொழிலாளர் உழவர் கட்சியை நிறுவியமை பலரும் அறிந்தது. அக்காலத்து எம். என். ராய் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய இதழ்களை அரசினர் கடற்சுங்கச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்தனர். கொள்கையொன்றைத் தடுக்கச் சுங்கச் சட்டத்தை எடுத்தமை வியப்பன்று. அது வந்த வழி அத்தகையது. அஞ்சலிற் பிடிபட்டவை போக எஞ்சியவை கப்பலாட்களின் பெட்டிகளில் வந்தன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் ஒரு வாயிலாயிற்று. ஆங்கிருந்த ஆர். சி. எல். சர்மாவும் சென்னையிலிருந்த சிங்காரவேலரும் 1924ஆம் ஆண்டுக் கான்பூர்ச் சதிவழக்கிற் குற்றஞ்சாட்டப்பெற்றோர் பட்டியலில் இடம்பெற்றனர். உடல்நலக் குறைவாற் சிங்காரவேலர் விசாரணைக்கு உட்படவில்லை. மறு ஆண்டு திசம்பரில் அதே கான்பூரில் நிகழ்ந்த பொதுவுடைமையர் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார்.

நூல் வந்தது ஒருபுறமிருக்க, ஆள் வந்த கதையே எம் ஆராய்ச்சிக்கு நடுவானது. இராவல்பிண்டி மாவட்டத்துச் சிற்றூரிற் பிறந்த அமீர் ஐதர் கான், இளமையிலேயே பம்பாய் சேர்ந்து முதல் உலகப்போர்க் காலத்திற் கப்பற்பணி ஏற்றார். 1918இல் நியூயார்க்கில் இறங்கி அமெரிக்கக் கப்பல்களிற் பணிபுரிந்தார். ஆங்குக் கதர்க் கட்சியினரோடும், அயர்லாந்து விடுதலை வேட்கையினரோடும் பழகினார். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து 1926இல் மாசுகோவிலுள்ள கீழைநாட்டு உழைப்பாளர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1928இற் பம்பாய் திரும்பியவர், 1929 மார்ச்சில் மீரத்துச் சதிவழக்கிற்காகத் தலைவர்கள் பிடிபட்டபோது தப்பி மீண்டும் மாசுகோ அடைந்தார். 1931இல் இந்தியா வந்தவரைப் பம்பாயில் வைத்திருத்தல் இடரென்று கருதிய கட்சி சென்னைக்கு அனுப்பியது.

சென்னையில் அவர் ‘சங்கர்’ என்னும் பெயர் பூண்டு, இளந்தொழிலாளர் கழகத்தை அமைத்தார். தமிழ் வழங்காப் புலத்தவர், மாற்றுப்பெயரில், காவல்துறை தேடும் நிலையில், ஓராண்டளவு காலமே இங்கு இயங்கினார். தூக்கிலிடப்பெற்ற பகத்சிங், இராசகுரு, சுகதேவ் மூவரையும் போற்றும் துண்டு வெளியீடொன்றின் பொருட்டு 1932இற் சிறைப்பட்டார். அக்குறுகிய காலத்தின் விளைவோ சிறிதன்று. பின்னாளில் ஆந்திரத்திலும் தென்னாடு முழுவதிலும் கட்சியை வளர்த்த பு. சுந்தரய்யா இவர் தொடர்பாலேயே பொதுவுடைமையர் ஆனார். 1934இற் கட்சி தடைசெய்யப்பெற்றபின், சுந்தரய்யா, எஸ். வி. காட்டே ஆகியோர் முயற்சியால் 1936இற் சென்னையில் உருவான குழுவிற் ப. ஜீவானந்தம், பி. இராமமூர்த்தி, ஏ. எஸ். கே. ஐயங்கார் முதலியோர் இடம்பெற்றனர். கப்பலோடி ஒருவர் இட்ட விதையிற் கிளைத்த கழகம் இது. எனினும் அதனுட் கப்பலோடிகளைக் காண்டல் அரிது. அவர் எந்தத் தொழிலிலிருந்து எழுந்தாரோ அத்தொழிலாளர் திரளைச் சென்னையிற் காணவே இயலாதிருந்தது.

1931 அக்டோபர் முதற் ‘குடி அரசு’ இதழிற் பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் வெளிவரலாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் ஈ. வெ. ராமசாமி சென்னையிற் கப்பலேறி, ஐரோப்பாவும் சோவியத்து நாடும் கண்டு 1932 நவம்பரில் மீண்டார். ‘திரு’ முதலிய அடைமொழிகளை விடுத்துத் ‘தோழர்’ என்றே வழங்குக என வேண்டினார். அவர் கடல்மேற் சென்ற காலத்தில் அமீர் ஐதர் கான் சென்னைத் தெருக்களில் மறைந்து திரிந்தார். ஒருவர் பயணியாய்ப் போய்க் கொணர்ந்தது தமிழில் ஒரு சொல்லாய் நிலைத்தது. மற்றவர் பணியாளாய் வந்து கொணர்ந்தது அமைப்பாய் நிலைத்தது. இலக்கிய வரலாறு முன்னதை மட்டுமே குறிக்கின்றது. சொல்லுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியேனும் ஆளுக்குத் தருதல் வேண்டும்.

அனைத்துலக இயக்கம் இச்சிக்கலை உணர்ந்தே இருந்தது போலும். 1930 அக்டோபரில் ஆம்பர்க்கு நகரில் நிறுவப்பெற்ற பேரவை ‘கடலோடிகள், துறைமுகத் தொழிலாளர்’ என இருவரையும் ஒரே பெயரில் இணைத்தது. மிதக்கும் தொழிலாளி ஓரிடத்து நில்லான். ஒப்பந்தம் முடிந்ததும் உடனுழைத்தோர் பிரிந்துபோவர். நடுக்கடலிற் பணிமறுத்தல் கிளர்ச்சியாகத் தண்டிக்கப்படும். ஆகலின் கப்பலிற் சங்கம் நிலைக்கக் கரையிலே அதற்கு ஓர் இல்லம் வேண்டும். 1939இற் போர் மூண்டவுடன் இந்தியக் கப்பலாட்கள் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாட்டுத் துறைகளிற் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளையர் பெற்ற கூலியில் ஒரு சிறு பங்கே அவர் பெற்றது. அப்போரிற் கடலில் மடிந்த இந்தியக் கப்பலாட்கள் ஆறாயிரத்தின் மேற்பட்டோர். 1946 பிப்ரவரியிற் பம்பாயில் எழுந்த கடற்படைக் கிளர்ச்சி சென்னையில் ‘அடையாறு’ என்னும் கடற்படை நிலையத்தையும் எட்டியது. நகரில் கடையடைப்பு நிகழ்ந்தது. அது படைவீரர் கிளர்ச்சி. வாணிகக் கப்பலார் செயலன்று. இரண்டினையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவாரும் உளர், அது பிழை.

தமிழ்த் தொழிலாளர் துறைமுகத்திற் பொதுவுடைமையாளரோடு பெருந்திரளாய் நின்ற இடத்தைக் காண விரும்பின், வங்கக் கடலைக் கடந்து சிங்கப்பூர் செல்லல் வேண்டும். ஆங்குத் துறைமுக வாரியத்திற் பணிபுரிந்தோருள் தமிழரும் மலையாளிகளும் மிகப்பலர். 1945 அக்டோபரில் தஞ்சோங் பகாரில் ஏறத்தாழ ஏழாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சாவகத்திற்கு நெதர்லாந்தர் கொண்டுசென்ற படைக்கலங்களை ஏற்ற மறுத்ததும் அதன் ஒரு கூறு. தஞ்சை மாவட்டத்திற் பிறந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார்; அவசரகாலச் சட்டத்தின்கீழ் 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையிற் தூக்கிலிடப்பெற்றார். சிங்கப்பூரில் வாழ்ந்து மீண்ட வாட்டாக்குடி இரணியன் 1950 மேத் திங்களிற் தஞ்சை மண்ணிற் காவலராற் சுடப்பட்டார். இவர்கள் கப்பலாட்களல்லர், கப்பலிற் சென்று கரையிலே உழைத்தோர். சென்னைக்குக் கூறிய விதி சிங்கப்பூர்க்கும் பொருந்துதல் காண்க.

விடுதலைக்குப்பின் நிலை மாறியதா? 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டமும், அதன்வழி அமைந்த சென்னைத் தொழிலாளர் வாரியமும் அன்றாடங்காய்ச்சிகளாய் இருந்த சுமையாட்களைப் பதிவுபெற்ற தொழிலாளர் ஆக்கின. கரைச் சங்கங்களுக்கு இஃது உரமாயிற்று. கப்பற்பணியிலோ, தரகர் ஆட்சியை ஒழிக்க 1950களில் அரசு நிறுவிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலுமே அமைந்தன. தரகன் போனான், வாயில் இடம்பெயரவில்லை. 1961இல் இந்தியக் கப்பற் கழகம் உருவாகியது. 1974இற் தமிழக அரசே பூம்புகார்க் கப்பற் கழகத்தை நிறுவி, மின்வாரிய அனல்நிலையங்களுக்கு நிலக்கரி கொணரச் செய்தது. ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ எனக் கப்பல்கள் தமிழ்ப்பெயர் தாங்கின. கப்பல் தமிழாயினும், பதிவும் கூலிப் பேச்சும் சங்கமும் பம்பாயையும் கல்கத்தாவையுமே மையமாகக் கொண்டிருந்தன. அரசுக் கப்பலாயின் தொழிலாளர் இயக்கம் தானே செல்வாக்குறும் என்னும் எதிர்பார்ப்பு, ஆள் எடுக்கும் முறையை ஆராயாமையின் விளைவு.

இதனை எழுதும் மாடம்பாக்கத்திலிருந்து கடல் தோன்றாது. ஆயினும் கிழக்கே சில கல் தொலைவில், செம்மஞ்சேரியில், 2008இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உள்ளது. வெண்சீருடை அணிந்த மாணவரைத் தாம்பரம் புகைவண்டி நிலையத்தில் அவ்வப்போது காண்கின்றோம். இன்று அவர்க்குப் பணி தேடித்தருவோர் தனியார் முகவர். பலர் ஏறும் கப்பலின் கொடி பனாமாவோ லைபீரியாவோ ஆகும். உடன் பணிபுரிவோர் நான்கு நாட்டினராய் இருப்பர். ஒப்பந்தம் முடிந்ததும் அவரவர் ஊருக்கு வானூர்தியிற் பிரிவர். காத்திருக்கும் விடுதியும் இல்லை, சேரங்கும் இல்லை, கைப்பேசியே துறைமுகம்.

சென்னைத் துறைமுகத்திற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற மூத்தோர் வடசென்னையில் இன்னும் சிலர் உளர். சங்கத் துண்டறிக்கைகளின் தமிழ், கரைச் சொற்கள், கப்பலாட்களோடு அவர் பேசிப் பழகிய கலப்புமொழி ஆகியவற்றைத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள 1931, 1932ஆம் ஆண்டுகளின் ஏடுகளையும் அவற்றோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அமீர் ஐதர் கான் பாகிஸ்தான் குடிமகனாய் அங்கும் பலமுறை சிறைசென்று, 1989 திசம்பரில் இராவல்பிண்டியிற் காலமானார். ‘சங்கர்’ என்னும் பெயரில் அவர் சென்னையில் யார்யாரோடு எம்மொழியிற் பேசினார் என்பதை முதற்கண் தேடத் தொடங்கலாம்.