பெட்டியில் வரும் புத்தகங்கள்



பிரான்சிலும் லண்டனிலும் கனடாவிலும் வாழும் நம் உறவினர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, தங்கள் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை நம் பள்ளிகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுக்கிறார்கள். நல்ல மனதோடு தரும் கொடை அது. வழவழப்பான தாள், அழகான வண்ணப் படங்கள். ஆனால் பல இடங்களில் அவை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழிந்துவிடுமாம்!

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய ஒரு சிறு பாலபாடம் அச்சாயிற்று. அதன் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்கள் தமிழர் மூவர். தமிழ் அச்செழுத்து அங்கே இல்லாததால் தமிழ்ச் சொற்களை உரோமை எழுத்தில் அச்சிட்டார்கள். போர்த்துக்கீசியக் குரு அதைப் பார்த்து உரக்க வாசிக்கலாம். முத்துக்குளித்துறைச் சிறுவனின் கையில் கொடுத்தால் ஓர் எழுத்தும் விளங்காது. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், அருள்தந்தை என்றிக்கே என்றிக்கஸ் கொல்லத்தில் 16 பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அவருடைய அச்சுப்பணிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். படிக்கப் போகிறவர்களே செலவையும் ஏற்றார்கள்.

நம் புதுவைக்கு வருவோம். 1827இல் பிரெஞ்சு அரசு இங்கே ஒரு நூலகம் திறந்தது. இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம் அதுதான். தொடக்கத்தில் அதன் கதவு ஐரோப்பியருக்கு மட்டுமே திறந்தது. அதே ஆண்டு குளூனி கன்னியரும் வந்தார்கள். முதலில் கற்பித்தது ஐரோப்பியக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு. புத்தகமும் இருந்தது, பள்ளியும் இருந்தது. ஏழைத் தமிழ்ச் சிறுமிக்கு இரண்டும் தூரம்.

1844இல் ஆயர் பொன்னாந் கூட்டிய புதுவை ஆயர் மன்றம் கல்வியைப் பற்றி விரிவாகப் பேசியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அருள்தந்தை லூயி சவீனியன் துப்புயி, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று நம் ஊர்ப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மரியன்னையின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று நாம் அறிந்த சபை அது. அன்றைக்கு எழுத்தறிந்த பெண் என்றாலே தேவதாசிதான் என்று ஊர் நினைத்தது. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டவர்கள் ஏராளம். (இன்று தங்கள் பேத்திகளுக்கு இடம் கேட்டுச் சகோதரிகளின் வாசலில் நிற்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம்.)

மறைமாவட்ட அச்சகத்தையும் துப்புயி அடிகளே கவனித்தார். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அங்கே அச்சேறியது. மூசே அடிகளோடு சேர்ந்து அவர் உருவாக்கிய தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வந்தது. பிரான்சில் பிறந்தவர், பிரெஞ்சுப் புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவரோ தமிழில் அச்சிட்டார். வாசிக்கக் கற்றுத்தர ஆட்களையும் உருவாக்கினார். இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அலுவலரிடம் புத்தகம் இருந்தது, வாசிக்கவும் தெரிந்திருந்தது, பொருள்தான் விளங்கவில்லை. பிலிப்பு அவருக்கு இன்னொரு சுவடியைக் கொடுக்கவில்லை. தேரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு சொல்கூட ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு, பனிமனிதனைப் பற்றிய கதையைத் துணையின்றிக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு மூடிவிடும்.

உங்கள் பங்கிலோ பள்ளியிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால் பூட்டைத் திறந்துவிடுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் மாலையில் நான்கைந்து சிறுவரோடு பாயில் உட்கார்ந்து, கதையை முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டட்டும். அனுப்பும் உறவினர்களிடமும் தயங்காமல் கேளுங்கள்: அடுத்த முறை பெட்டிக்கு ஆகும் கப்பல் செலவை அனுப்பினால், இங்கேயே தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கிக்கொள்வோம் என்று. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.