மரம்வெட்டுத் தொழிற்சொற்கள்: வட்டார வேறுபாடு

மரம்வெட்டுத் தொழிற்சொற்கள் என்பன மரத்தைச் சாய்த்தல், கிளை கழித்தல், துண்டாக்கல் ஆகிய வேலைகளுக்கும் கருவிகளுக்கும் தொழிலாளர் வழங்கும் சொற்களாகும். திருவண்ணாமலை வட்டாரத்தில் மரத்தை ‘வெட்டி’, ‘ரம்பத்தால்’ அறுப்பர், யாழ்ப்பாணத்தில் ‘தறித்து’, ‘வாளால்’ அரிவர், குமரியில் ‘முறிப்பர்’. ரம்பம் தெலுங்கிலும், வாள், முறித்தல் ஆகியவை மலையாளத்திலும் வழங்குவதால், இவ்வேறுபாட்டைக் கொச்சைச் சிதைவு என்பது பொருந்தாது. வட்டாரங்களின் மொழித்தொடர்பு இதற்கு ஒரு காரணம். வேலைமுறை மற்றொரு காரணம். ஜவ்வாது மலைச் சந்தனத்தில் வேரின் வைரத்திலும் எண்ணெய் உண்டு. எனவே மரத்தை அடியில் வெட்டாமல் வேரோடு தோண்டியெடுத்து, மணமற்ற வெளிர்ந்த மேல்மரத்தைச் செதுக்கி நீக்குவர். அதற்கு ‘வெட்டு’ என்ற ஒரு சொல் போதாது. வனத்துறை ஆவணங்களும் இயந்திர ரம்பமும் சொற்களை ஒருமைப்படுத்திவிட்டன எனலாம். ஆனால் அது ஏலம், கன அளவு பற்றிய சொற்களுக்கே பெரிதும் பொருந்தும். கோடாலியும் வெட்டுக்கத்தியும் புழங்கும் கைவேலையில் வட்டாரச் சொல்லே நீடிக்கிறது.