வந்த வழியே திரும்பும் சாலை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் அலுவலக நண்பர் ஒருவர், போன மாதம் ஒரு சாலையின் படத்தை அனுப்பி, "இதை எதுக்குப் போட்டிருப்பாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். மலையுச்சியிலிருந்து கடல் வரை வளைந்து வளைந்து இறங்குகிற சாலை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் இருக்கிற சா கலோப்ரா. ஐரோப்பாவில் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்கள் ஒருமுறையாவது ஏறிப் பார்த்துடணும்னு நினைக்கிற ஏற்றம் இது.

"சரக்கு ஏத்த, இல்லேன்னா ராணுவத்துக்கு" என்று பதில் போட்டேன். இரண்டுமே தப்பு.

தீவின் வடமேற்குக் கரையோரம் முழுக்க டிரமுண்டானா மலைத்தொடர் நிற்கிறது. உயரமான சிகரம் 1,400 மீட்டருக்கு மேல். மலை நேராகக் கடலில் இறங்குவதால் கரையோர இடங்கள் பலவற்றுக்கு எளிதான வழி இருக்கவில்லை. சா கலோப்ரா அப்படி ஒரு சின்ன விரிகுடா. பக்கத்திலேயே பரேய்ஸ் என்ற பள்ளத்தாக்கு, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கடலைத் தொடுகிறது. அதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் படகில் வரணும், இல்லையென்றால் மலையில் நடந்து இறங்கணும்.

காரிலேயே அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக அந்தோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் வடிவமைத்ததுதான் இந்தச் சாலை. ஆண்டு 1932. தீவின் வடமுனையான ஃபோர்மென்தோர் முனைக்குப் போகும் சாலையும் அவர் வேலைதான். சா கலோப்ராவைத் தாண்டி ஊர் கிடையாது. சாலை கடலோடு முடிந்துவிடும். சுற்றுலாவை நம்பியே போட்ட சாலை.

இதன் கணக்கு எளிமையானது. கணவாயிலிருந்து கடலுக்கு இறங்க வேண்டிய உயரம் சுமார் 680 மீட்டர். அந்தக் காலத்துக் கார் திணறாமல் ஏறணும்னா சரிவு அதிகம் போகக் கூடாது. 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 680-ஐ 0.07-ஆல் வகுக்கணும். கிட்டத்தட்ட 9.7 கிலோமீட்டர் வருது. ஆனால் மேலிருந்து கீழே நேர்கோட்டில் அளந்தால் அதில் பாதிகூட இல்லை. மீதி நீளத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? வளைவுகளில்தான். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் இப்படி வந்தவை. ஓரிடத்தில் திரும்ப இடமே போதவில்லை. அங்கே சாலை ஒரு சுற்றுச் சுற்றித் தனக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. அந்த இடத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கழுத்து டை முடிச்சு'.

சுரங்கம் குடையவில்லை. வெட்டியெடுத்த பாறையையே பள்ளமான இடத்தில் போட்டு நிரப்பினார்கள். பெரும்பாலும் கைவேலை. காரை பூசாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்குவது அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தொழில். ஆலிவ் விளையும் படிநிலங்கள் எல்லாம் அந்தக் கைகள் கட்டியவை. 2011-ல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இயற்கை அழகுக்காக மட்டும் இல்லை, மனிதன் உழைத்து உருவாக்கிய நிலம் என்பதற்காகத்தான். பரியெட்டியின் பெயர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயரை எங்கேயும் காணோம்.

சைக்கிள்காரர்கள் பெரிய அளவில் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. தீவுக்குச் சைக்கிள் ஒன்றும் புதுசில்லை. ஃபெலானிட்ஸ் ஊரில் பிறந்த கியேம் டிமோனர், மோட்டார் பைக்குக்குப் பின்னால் ஓட்டும் டிராக் பந்தயத்தில் 1955 முதல் 1965-க்குள் ஆறு முறை உலக சாம்பியன் ஆனவர். ஆனால் வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகள் வந்ததற்குக் காரணம் வேறு. 1960-களில் கடற்கரை சுற்றுலாவுக்காகக் கட்டிய ஹோட்டல்கள் கோடைக்கு வெளியே காலியாகக் கிடந்தன. வட ஐரோப்பாவில் பனி விலகாத மார்ச், ஏப்ரலில் இங்கே இதமான வெயில். 1980-களில் மாக்ஸ் ஹூர்ட்செலர் என்ற சுவிஸ் சைக்கிள் வீரர் போன்றவர்கள் இதை ஒரு தொழிலாகவே மாற்றினார்கள். காலி அறைகள் நிரம்பின. கார் எஞ்சினை நினைத்து வைத்த சரிவு மனிதக் காலுக்கும் பொருந்திப்போச்சு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. 2024-ல் பால்மா நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் பேரணி போனார்கள். சுற்றுலாவால் வாடகை ஏறி, சொந்த ஊரிலேயே குடியிருக்க முடியவில்லை என்பது அவர்கள் புகார். விருந்தாளியை வரவழைக்கப் பாறையை வெட்டிய தீவு, இப்போது 'கொஞ்சம் குறைச்சு வாங்க' என்கிறது. இரண்டு பக்கத்து நியாயத்தையும் என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். ஏப்ரலில் போகப்போகிறாராம். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்தினேன்: மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். இங்கே தலைகீழ். கடல் வரை சுகமாக இறங்கிவிட்டால், படகு பிடிக்காத வரைக்கும், அந்த 680 மீட்டரையும் மிதித்துத்தான் மேலே வரணும். இறங்கும்போது ஓரச் சுவர்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.