நீர்ப்பிரமியும் நினைவாற்றலும்: ஆய்வுக்கு வந்தவர்கள் யார், வாங்கி உண்பவர்கள் யார்?

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நாட்டு மருந்துக் கடையிலும் ஆங்கில மருந்துக் கடையிலும் ஒருசேரக் கேட்டு வாங்கப்படும் சரக்கு ஒன்று உண்டு. நினைவாற்றலைப் பெருக்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரை, சிரப், லேகியம் ஆகியவைதான் அது. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வாங்குகிறார்கள். மறதி நோய் தொடங்கிவிட்ட தாய் தந்தையருக்காகப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் உட்பொருள் பட்டியலில் நீர்ப்பிரமியோ வல்லாரையோ இடம்பெற்றிருக்கும்.

நீர்ப்பிரமிக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று தள்ளிவிடுவது சரியாகாது. மூலிகைகளுள் இந்த அளவுக்கு முறையாகச் சோதிக்கப்பட்டவை குறைவு. ஆயினும் அந்தச் சோதனைகள் நடந்தது நோயற்ற, வயது வந்த மனிதர்களிடம். ஒரு குறிப்பிட்ட செறிவுச் சாரத்தைக் குறிப்பிட்ட அளவில் ஏறத்தாழ மூன்று மாதம் கொடுத்துப் பெற்ற முடிவுகள் அவை. மிகுதியாக வாங்கும் இரு தரப்பினரான மாணவருக்கும் மறதி நோயாளருக்கும்தான் சான்று மிக மெலிந்திருக்கிறது. பயன்பாட்டின் பாதுகாப்பும் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எந்தச் செடி?

பக்கோப்பா மொன்னியேரி எனப்படும் நீர்ப்பிரமி வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் சேற்றில் படரும் சிறு செடி. இலை சிறியது, சதைப்பற்றானது. பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா. சென்டெல்லா ஏசியாட்டிகா எனப்படும் வல்லாரை, நீண்ட காம்பும் வட்டமான சிறுநீரக வடிவ இலையும் கொண்ட கீரை. இரண்டுக்கும் குடும்ப உறவு கிடையாது. முன்னதில் உள்ளவை பக்கோசைடுகள். பின்னதில் ஏசியாட்டிகோசைடு வகைச் சேர்மங்கள். கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வட இந்தியாவின் பல பகுதிகளில் அதே பெயரில் வல்லாரை விற்கிறது. இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பு முன்னதைப் பிராமி என்றும் பின்னதை மண்டூகபர்ணி என்றும் பிரித்து வைத்திருக்கிறது. சரக சம்ஹிதை அறிவுக்கூர்மைக்கெனச் சொல்லும் நான்கு ரசாயனங்களில் வருவது மண்டூகபர்ணி. ஆகவே அட்டையில் தாவரவியல் பெயர் அச்சிடப்படாத பிராமி மாத்திரைக்கு எந்த ஆய்வின் முடிவையும் பொருத்திப் பார்க்க வழியில்லை.

மனிதரிடம் கிடைத்த சான்று

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் நீர்ப்பிரமியின் நவீன வரலாறு தொடங்குகிறது. 1960களில் பக்கோசைடுகள் பிரித்தெடுக்கப்பட்டன. 1980களில் எச்.கே. சிங், பி.என். தவன் ஆகியோர் எலிகளின் கற்றல் திறனில் அதன் விளைவை ஆராய்ந்தனர். அங்கு உருவான செறிவுச் சாரம் பின்னர் ஆஸ்திரேலியாவில் மனிதரிடம் சோதிக்கப்பட்டது.

2001இல் கான் ஸ்டஃப் குழுவினர் நலமாயிருந்த 46 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 300 மி.கி. சாரமும் மறு பிரிவுக்கு மருந்துப்போலியும் கொடுத்தனர். பன்னிரண்டு வாரம் கழித்துக் காட்சித் தகவலைக் கையாளும் வேகம், கற்கும் வேகம், கற்றது மனத்தில் நிலைபெறுதல் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, ஒரே ஒரு வேளை 300 மி.கி. உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் எந்த மாற்றமும் இல்லை என்று காட்டியது. தேர்வுக்கு முந்தைய வாரம் மாத்திரை வாங்கித் தருவதால் பயன் உண்டென்று நம்ப இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

2002இல் ரூடன்ரிஸ் குழுவினர் 40 முதல் 65 வயது வரையிலான 76 பேரிடம் மூன்று மாதம் நடத்திய ஆய்வின் முடிவு நுட்பமானது. புதிதாகக் கற்கும் வேகம் மாறவில்லை. கற்றதை மறக்கும் வேகம் மட்டும் குறைந்தது. 2008இல் கலாப்ரேஸ் குழுவினர் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 54 பேரைச் சேர்த்து, 300 மி.கி. வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்தனர். சொற்களைத் தாமதித்து நினைவுகூர்வதில் சாரம் உண்டவர்கள் மருந்துப்போலிப் பிரிவினரை விட மேம்பட்டிருந்தனர்.

இந்தச் 'சொல் நினைவுச் சோதனை' எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பயனின் அளவு விளங்கும். தொடர்பற்ற பதினைந்து சொற்களை ஆய்வாளர் நிதானமாகப் படிப்பார். எதிரில் இருப்பவர் நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் ஐந்து முறை படிக்கப்படும். பிறகு மனத்தைக் குழப்ப வேறொரு பட்டியல் வரும். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து, முதல் பட்டியலில் எத்தனை சொற்கள் எஞ்சியிருக்கின்றன என்று கேட்பார்கள். நீர்ப்பிரமி உண்டவர்களிடம் கூடுதலாக எஞ்சியவை சில சொற்களே. அது உண்மையான மாற்றம்; ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வதையோ கட்டுரை எழுதுவதையோ வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துபோன முதியவரின் நிலையையோ இந்தச் சோதனை அளப்பதில்லை.

தொகுப்பாய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2012இல் பேஸ் குழுவினர் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாமே நினைவுகூரும் திறனை அளந்த 17 சோதனைகளில் 9இல் முன்னேற்றம் இருந்தது; பிற அறிவுத் திறன்களில் போதிய சான்று இல்லை. 2014இல் தாய்லாந்தின் கோங்கியோ குழுவினர் ஒன்பது ஆய்வுகளிலிருந்து 518 பேரின் தரவுகளைத் தொகுத்து, பயன் கவனத்தின் வேகத்தில்தான் தெரிகிறது என்றனர். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வு ஒன்றே உறுதியான விடை தரும் என்றும் எழுதினர். நினைவா, கவனமா என்பதிலேயே இரு தொகுப்புகள் வேறுபடுவது, கையிலிருக்கும் ஆய்வுகள் சிறியவை என்பதன் அறிகுறி.

அவற்றுக்கு வேறு குறைகளும் உள்ளன. 2008இல் ஸ்டஃப் குழுவினர் வெளியிட்ட இரண்டாம் ஆய்வில் சேர்ந்தவர்கள் 107 பேர். மருந்தை ஒழுங்காக உண்டு முடித்தவர்கள் 62 பேர். பாதியில் விலகியவர்கள் பயனில்லை என்று விலகியிருந்தால், எஞ்சியோரின் முடிவு உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் குறை மற்றொன்று. நீர்ப்பிரமி வயிற்றைக் கலக்கும். 2010இல் மார்கன், ஸ்டீவன்ஸ் ஆகியோர் 55 வயதைக் கடந்த 98 பேரிடம் நடத்திய ஆய்வில் சொல் நினைவு மேம்பட்டது. கூடவே அடிக்கடி மலம் போதல், வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் ஆகியவையும் கூடின. தான் உண்பது மருந்தா போலியா என்பதை வயிறே சொல்லிவிட்டால், உண்பவரிடமும் ஆய்வாளரிடமும் அதை மறைத்துவைக்கும் இரட்டை மறைப்பு எவ்வளவு தூரம் காக்கப்பட்டிருக்கும்? இந்தக் கேள்வியை எழுப்பாமல் நீர்ப்பிரமி ஆய்வுகளைப் படிக்கக் கூடாது.

மாணவரும் மறதி நோயாளரும்

பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சில. 2014இல் கவனக்குறைவு உள்ள 31 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 225 மி.கி. வீதம் ஆறு மாதம் கொடுத்த ஆய்வு நல்ல முடிவைச் சொன்னது. ஆனால் அதில் ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. ஆறு மாதத்தில் குழந்தை தானாகவே வளரும், பெற்றோரின் எதிர்பார்ப்பும் மதிப்பெண்ணில் கலக்கும். பின்னர் ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுச் சிறுவரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு நடத்திய 14 வார ஆய்வில் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிட்டவில்லை. நலமான மாணவர் ஒருவரின் தேர்வு மதிப்பெண் இந்தச் சாரத்தால் உயரும் என்று சொல்லும் தகுதி இவற்றில் எதற்கும் இல்லை.

மறதி நோயைப் பொறுத்தவரை, சிறு ஆய்வுகளை நம்பிப் பெரிய முடிவுக்குத் தாவுவது எவ்வளவு பிழைபட்டது என்பதற்கு ஜின்கோ என்னும் மற்றொரு மூலிகையின் வரலாறே சான்று. அதற்கும் சாதகமான சிறிய ஆய்வுகள் இருந்தன. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் நாளொன்றுக்கு 240 மி.கி. ஜின்கோ சாரமோ மருந்துப்போலியோ ஏறத்தாழ ஆறு ஆண்டு உண்டனர். ஜின்கோ பிரிவில் 277 பேருக்கும் மருந்துப்போலிப் பிரிவில் 246 பேருக்கும் மறதி நோய் வந்தது. நோயைத் தடுக்கும் ஆற்றல் இல்லை என்பது தெளிவாயிற்று. நீர்ப்பிரமி இத்தகைய சோதனையில் தேறியதாகச் சொல்லத்தக்க முடிவு ஏதும் நம் கையில் இல்லை.

வல்லாரையின் நிலை இன்னும் மெலிந்தது. 28 முதியவர்களிடம் இரண்டு மாதம் நடந்த 2008ஆம் ஆண்டுத் தாய்லாந்து ஆய்வு, அதிக அளவில் பயன் உண்டென்றது. 2017இல் வந்த தொகுப்பாய்வு அறிவுத் திறனில் வேறுபாடு இல்லை என்றும், மனநிலையில் சிறிது தெளிவு வரலாம் என்றும் முடித்தது. கீரையாகச் சமைத்து உண்பதற்கு இது தடையன்று. மாத்திரையாகத் தொடர்ந்து உண்பது வேறு விஷயம்: அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை உண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். நிறுத்தியதும் குணமடைந்தனர்.

பாதுகாப்பு

மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். செயல்படும் பொருள் எதுவானாலும் உடலில் வேறெங்கேனும் செயல்படக்கூடும். நீர்ப்பிரமி அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கலாம் என்பது அதன் செயல்முறைக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மறதி நோய்க்கு மருத்துவர் தரும் டோனெபெசில் செய்வதும் அதே வேலை. இரண்டையும் சேர்த்து உண்டால் நாடித் துடிப்பு குறையலாம், வயிற்றுப்போக்கு மிகலாம். கலாப்ரேஸ் ஆய்விலேயே நீர்ப்பிரமிப் பிரிவினரின் இதயத் துடிப்பு காலப்போக்கில் இறங்கியது. இரத்த அழுத்தத்துக்காகத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்ணும் முதியவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

நீர்ப்பிரமி கொடுக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளில் தைராய்டு இயக்குநீரின் அளவு கூடியதும், விந்தணு உற்பத்தி குறைந்து, மருந்தை நிறுத்தியதும் மீண்டதும் பதிவாகியுள்ளன. அவற்றுக்குக் கொடுத்தது பெரிய அளவு. அம்முடிவுகள் மனிதருக்கு அப்படியே பொருந்தா. என்றாலும் தைராய்டு மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் சில நொதிகளை இச்சாரம் தடுப்பதை 2014இல் வந்த ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது. அவற்றில் ஒன்று வார்ஃபரினையும் வலிப்பு மருந்தான பெனிட்டாயினையும் கையாளும் நொதி. இம்மருந்துகளில் அளவு சற்றே பிசகினாலும் ஆபத்து. கருவுற்ற பெண்களிடமும் பாலூட்டும் தாய்மாரிடமும் போதிய ஆய்வு இல்லாதபோது தவிர்ப்பதே முறை.

சேற்றில் வளரும் செடி என்பதால் இன்னொரு கவலையும் உண்டு. நீரிலுள்ள காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை நீர்ப்பிரமி ஈர்த்துக்கொள்கிறது. மாசுபட்ட நீரைத் தூய்மை செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்றே லக்னோ ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஆலைக் கழிவு கலக்கும் வாய்க்காலில் பறித்த செடி மருந்தாகாது. ஆயுஷ் வரம்பு ஈயத்துக்கு 10, ஆர்சனிக்குக்கு 3, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3 பிபிஎம். தாம் வாங்கும் மருந்தின் தொகுதியைச் சோதித்த சான்றிதழைக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

அளவிலும் குழப்பம் மிகுதி. மருந்தியல் தொகுப்பு சொல்லும் 1 முதல் 3 கிராம், செடியின் பொடிக்கு உரியது. ஆய்வுகள் சொல்லும் 300 மி.கி., பக்கோசைடு அளவு வரையறுக்கப்பட்ட செறிவுச் சாரத்துக்கு உரியது. அட்டையில் பிராமி 500 மி.கி. என்று மட்டும் இருந்தால் அது பொடியா, சாரமா, பக்கோசைடு எத்தனை விழுக்காடு என்பது தெரியாது. தெரியாதவரை அது ஆய்வு செய்யப்பட்ட பொருளாகாது. நலமான வயது வந்தவர் ஒருவர் உண்ண விரும்பினால், சாரம் என்று தெளிவாக எழுதப்பட்டதை, உணவுக்குப் பின், பன்னிரண்டு வாரம் உண்டு பார்க்கலாம். பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கு இந்தக் குறுகிய ஆய்வுகள் உறுதி தரவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தீங்கு காலம் தாழ்த்துவது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகளின் விளைவு, கீழே விழுந்தபின் மூளையுறைக்குள் கசிந்த இரத்தம் ஆகிய எல்லாமே மறதியாக வெளிப்படும். இவற்றில் பல, கண்டறிந்தால் சரிசெய்யத்தக்கவை. பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

சட்டம் இதில் முழுக் காவலாக இல்லை. மருந்து விதிகளின் அட்டவணை ஜெ, மூளைத் திறனையும் நினைவாற்றலையும் பெருக்குவதாக மருந்துகள் உரிமை கோரக் கூடாது என்கிறது. ஆனால் அதைச் செயற்படுத்தும் விதி, ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கெனத் தனியே அமைந்த பகுதியில் இல்லை. ஊட்டப் பொருளாக விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். வாங்குபவரோ அதை மருந்தாகவே எண்ணி வாங்குகிறார்.

நம் மரபில் பிரமி நெய்யும் வல்லாரை நெய்யும் இருக்கின்றன. இதுவரை சோதிக்கப்பட்டவை பெரும்பாலும் வணிகச் சாரங்களே. நெய்யில் காய்ச்சிய இம்மருந்துகள் அல்ல. சென்னையிலுள்ள மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இவற்றை எடுத்துக்கொண்டு, செடியின் அடையாளத்தை உறுதிசெய்து, முன்கூட்டியே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, முதியோரிடம் ஓராண்டேனும் மருந்துப்போலியோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். அதுவரை, நினைவாற்றல் மாத்திரை கேட்டு வருபவரிடம் யாருக்கு, என்ன வயது, வேறென்ன மருந்து உண்கிறார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் எடுத்துத் தர வேண்டாம் என்று மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.