இரணைமடு: செய்மதித் தரவும் பொதுக் கட்டமைப்பு முகாமையும்

இரணைமடு, இலங்கையின் வட மாகாணத்திலுள்ள மிகப் பெரிய நீர்ப்பாசனக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. அணைக்கட்டு பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. இன்று 36 அடி மட்டத்தில் ஏறத்தாழ 14.7 கோடி கன மீற்றர் நீர் நிற்கும். ஆற்றுநீர் வடக்கே பாய்ந்து சுண்டிக்குளம் கடல்நீரேரியைச் சேர்கிறது. குடியிருப்புகளும் வீதிகளும் வயல்களும் அந்த வழியிலேயே இருப்பதால், குளத்தின் நிலை அவை அனைத்தையும் பாதிக்கிறது.

தரவு வகைகள்

அந்த நிலையைக் கண்காணிக்கச் செய்மதிப் படங்கள் உதவும். அமெரிக்காவின் லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். அவற்றின் நுணுக்கம் 30 மீற்றர். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன. அதாவது ஒரு ஏக்கர் வயல் ஏறத்தாழ 40 கட்டங்களாகத் தெரியும். மாரியில் முகில் மூடினால் இவ்வகைப் படங்கள் பயன்படா. ஆனால் சென்டினல்-1 செய்மதியின் ராடார் அலைகள் முகிலை ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு அந்த அலைகளை வேறு திசைக்குத் தெறிக்கவிடுவதால், படத்தில் கருமையாகத் தெரியும்.

வெள்ளம்

2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பெருவெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் வெள்ளத்துக்கு முந்திய, பிந்திய ராடார் படங்களை ஒப்பிட்டால் நீர் பரவிய எல்லையை வரையலாம். அவ்வரைபடத்தின் மேல் வீதிகளையும் பாடசாலைகளையும் பதித்தால், எந்த மதகை அகலப்படுத்த வேண்டும், எந்தக் காணியில் பொதுக் கட்டடம் கட்டக்கூடாது என்பது தெளிவாகும்.

நீர்ப்பங்கீடு

மாரிகாலப் பயிர்ச்செய்கையான காலபோகம் பெரும்பாலும் மழையை நம்பியது. வறண்ட காலத்துச் சிறுபோகத்துக்குக் குளத்து நீரே கதி. போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த ஏக்கருக்கும் உண்மையில் விதைத்த ஏக்கருக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிரின் பச்சையம் காட்டும் படங்களால் சரிபார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். பின்னர் அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நீர் பற்றிய பிணக்குகளில் இரு தரப்பும் பார்க்கக்கூடிய பொதுத் தரவுக்கு மதிப்பு அதிகம்.

வரம்புகள்

சென்டினல்-1 செய்மதி ஒன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் எடுக்கும். இரணைமடுவுக்கு வெள்ளம் சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆகவே வான்கதவை எப்போது திறப்பது என்பதை மழைமானியும் நீர்மட்ட அளவுகோலுமே சொல்ல வேண்டும். மரங்களின் கீழும் வீடுகளுக்கு இடையிலும் தேங்கும் நீர் ராடாருக்குத் தப்பிவிடும். வாய்க்கால் அடைப்பும் சிறு மதகின் உடைப்பும் 10 மீற்றர் கட்டத்துக்குள் மறைந்துபோகும். அவற்றை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.