ஆறாத எலும்புத் தொற்றுக்கு ஆக்சிஜன் சிகிச்சை... இதய நோயாளிகள் ஏன் கவனமா இருக்கணும்?

ஆபரேஷன் ஆச்சு, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் போட்டாச்சு, ஆனாலும் சீழ் வடிவது நிற்கவில்லை. 'ஆஸ்டியோமைலிடிஸ்' எனப்படும் நாள்பட்ட எலும்புத் தொற்றில் சிலருக்கு இதுதான் நிலைமை. இவர்களில் சிலருக்குக் கூடுதல் சிகிச்சையாக டாக்டர்கள் பரிந்துரைப்பது ஹைபர்பாரிக் ஆக்சிஜன் தெரபி.

அதென்ன சிகிச்சை?

காற்றழுத்தம் கூட்டப்பட்ட அறைக்குள் நோயாளி 100% ஆக்சிஜனைச் சுவாசிப்பார். உள்ளே அழுத்தம் வழக்கத்தைவிட 2 முதல் 2.5 மடங்கு வரை இருக்கும். அதாவது, கடலுக்குள் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் 20 முதல் 40 தடவை வரை தேவைப்படும்.

எலும்புக்கு எப்படி உதவுது?

தொற்று பாதித்த எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். ஆக்சிஜன் போதாததால் கிருமிகளைக் கொல்லும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது. அழுத்த அறையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் அதிகமாகக் கரைந்து, அந்த இடம் வரை போய்ச் சேரும். புதிய ரத்தக் குழாய்கள் வளரவும் இது உதவும். ஆனால் செத்துப்போன எலும்பை அகற்றும் ஆபரேஷனுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் இது மாற்று அல்ல.

இதயத்துக்கு என்ன ஆகும்?

ஆக்சிஜன் அதிகமானால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடலாம். நாடித்துடிப்பு குறையும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவும் குறையும். ஆரோக்கியமான இதயம் இதைச் சமாளித்துவிடும். ஆனால் பம்ப் பண்ணும் திறன் ஏற்கெனவே குறைந்த இதயத்துக்கு இது கூடுதல் சுமை. அரிதாக, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

யார் உஷாரா இருக்கணும்?

கால் புண்ணிலிருந்து எலும்புத் தொற்று வந்தவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கும். அவர்களில் சிலருக்கு இதய அடைப்பு இருந்தாலும் நெஞ்சுவலி தெரியாது. அதனால் 'எனக்கு ஹார்ட் பிரச்சினை இல்லை' என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

சிகிச்சைக்கு முன்...

* மாரடைப்பு, ஸ்டென்ட், மூச்சுத்திணறல், கால் வீக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
* இசிஜி, எக்கோ தேவையா என்று கேளுங்கள்.
* பேஸ்மேக்கர் இருந்தால், அந்த மாடல் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குமா என்று உறுதி செய்ய வேண்டும்.
* ஒவ்வொரு தடவையும் பிரஷர், சுகர் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும்போது சுகர் இறங்கலாம்.
* பிரஷர், சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறைக்குள் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு இறுகினாலோ பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதயம் பலவீனம் என்றாலே இந்தச் சிகிச்சை கூடாது என்றில்லை. இதய டாக்டரும் பார்த்து, எலும்புக்குக் கிடைக்கும் பலனையும் இதயத்துக்கு உள்ள ஆபத்தையும் எடைபோட்ட பிறகே அறைக்குள் போக வேண்டும்.